ஓரத்தில் ஒரு நீல நூல்

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிறேன். வெளியூரில் கேட்டால் கூச்சப்பட்டு, சேலை நெய்வதாகச் சொல்லிவிடுவேன். தங்கையோடு டெல்லிச் சுற்றுலா போனபோதும் குழுவில் அப்படியே சொன்னேன்.

தேசிய அருங்காட்சியகத்தில், கண்ணாடி அறைக்குள் ஒரு பெண், வண்ணம் உரியும் பழைய ஓவியத்தின்மேல் மெல்லிய துணியைப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தார். துணியின் ஓரத்தில் ஒற்றை நீல நூல். அடையாளத்துக்காக எங்கள் தறியில் விடும் நூல் அது.

“ஏட்டி, நம்ம பேண்டேஜ்” என்றேன்.

தங்கை என் கையைக் கிள்ளினாள். “மெதுவாப் பேசுக்கா. சேலைன்னுல்ல சொல்லி வச்சிருக்க.”

குழுவைப் பார்த்துத் திரும்பினேன். “நான் சொன்னது பொய். சேலை நெய்யல. அந்தப் படம் உதிராமப் பிடிச்சிருக்கே, அந்தத் துணிதான் நெய்யுதேன்.”

இப்போதெல்லாம் யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.