ஆயிரம் யூனிட்டுக்குக் கீழே

முதல் அடி விழுந்தது துணி காயவைக்கும் டிரையருக்காக. மகள் வெண்பாவின் பள்ளிச் சட்டை ஈரமாக இருக்கிறதென்று சாரதா அதை மட்டும் போட்டு ஓடவிட்டிருந்தாள். வேலையிலிருந்து வந்த சேனாபதி கதவைத் திறந்து உள்ளே பார்த்தான். ஒற்றைச் சட்டை சுற்றிக்கொண்டிருந்தது. திரும்பிய வேகத்தில் புறங்கையால் மனைவியை அறைந்தான். அவள் காதுத் தோடு தெறித்து மெஷினுக்குப் பின்னால் போய் விழுந்தது.

"ஒத்தைச் சட்டைக்கு இத்தனை கரண்டா? பில்லு உங்கப்பனா கட்றான்?"

ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீடு அது. சாரதாவுக்குச் சொந்த ஊர் தாராபுரம். பி.காம். முடித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் இருந்தவள். எண்ணெய்க் குழாய் வடிவமைக்கும் இன்ஜினியருக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தபின், வேலைக்குப் போக விசா இடம் கொடுக்கவில்லை. பேங்க் கணக்கு, கார், போன் எல்லாம் சேனாபதி பெயரில். கரண்டும்தான்.

டெக்ஸஸில் கரண்ட் கம்பெனியை நாமே பார்த்து எடுக்க வேண்டும். கம்பியில் வருவது ஒரே கரண்ட். விற்கிறவர்கள்தான் ஏகப்பட்ட பேர், ஆளுக்கு ஒரு கூடை பிளான். சேனாபதி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, யூனிட் விலை எதில் மிகக் குறைவாகப் போட்டிருந்ததோ அந்த பிளானை எடுத்தான். தமிழ்ச் சங்கப் பிக்னிக்கில் வாய் ஓயாமல் அதையே பேசினான். நாலு பேர் விவரம் கேட்டுக்கொண்டார்கள். அன்றைக்கெல்லாம் வீட்டில் நல்ல முகம்.

டிரையர் அடிக்குப் பிறகு சாரதா சுவிட்சைக் கண்டாலே பயப்பட ஆரம்பித்தாள். ஏசியை எண்பத்துநாலு டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்தாள். பகலில் விளக்குப் போடுவதில்லை. துணியைப் பின்பக்க வேலியில் காயப்போட்டாள். குடியிருப்புச் சங்கம் அதற்கு எச்சரிக்கை அனுப்பியது, அதற்கும் தனியாக ஒரு அடி கிடைத்தது. மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த வெண்பா வியர்த்து ஊற்ற வெறுந்தரையில் படுத்துக்கொண்டு, "அம்மா, இட்ஸ் டூ ஹாட்" என்பாள்.

"கொஞ்சம் பொறுத்துக்க கண்ணு" என்று ஈரத்துண்டால் மகளின் முதுகைத் துடைத்துவிடுவாள்.

அப்படியும் பில் ஏறியது.

அவன் போனில் பில்லைத் திறக்கப்போகிற நாள் அவளுக்கு முன்கூட்டியே தெரியும். போன மாதத்தைவிடக் கூடுதல் என்றால் அவள் தலைமுடி அவன் கையில்.

"நான் அந்தப் பக்கம் போனதும் ஏசியப் போட்டுக்கறே. எங்கிட்ட பொய் சொல்றியாடி?"

"இல்லீங்க. சத்தியமா போடலீங்க."

தலை சுவரில் மோதும். பக்கத்து அறையில் இருக்கும் மகளுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று சாரதா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொள்வாள். கத்தாமல் அடி வாங்க ஒருத்தியால் பழகிக்கொள்ள முடியும் என்று அதற்கு முன்னால் அவளுக்குத் தெரியாது.

இப்படியே ஒரு வருடம் ஓடிய பிறகு, ஜூன் மாதத்தில் ஒரு காலை, பக்கத்து வீட்டு மிஸஸ் ரமிரெஸிடம் போனை வாங்கி, கரண்ட் கம்பெனியையே கூப்பிட்டாள். எடுத்தது ஓர் இளம்பெண் போலிருந்தது, பொறுமையாக விளக்கினாள். இந்த பிளானில் மாதம் ஆயிரம் யூனிட்டைத் தொட்டால்தான் தள்ளுபடி. தொடாவிட்டால் ஒன்றும் கிடையாது. முன்பெல்லாம் உங்கள் வீடு தொட்டுக்கொண்டிருந்தது, இப்போது தொடுவதில்லை. போன மாதம் ஏசியை இன்னும் கொஞ்சம் ஓடவிட்டிருந்தால் பில் குறைந்திருக்கும், மேடம்.

சாரதா திரும்பத் திரும்பக் கேட்டாள். அதே பதில்தான். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த விலை, மாதாமாதம் சரியாக ஆயிரம் யூனிட் எரிக்கிற வீட்டுக்கான விலை.

"அந்த மாதிரி வீடு எங்காவது இருக்கிறதா?" என்று சாரதா தன் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் கேட்டாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, உடனே மன்னிப்புக் கேட்டாள்.

போனைத் திருப்பிக் கொடுத்தபோது சாரதாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தப்பு தன் மேல் இல்லை. ஒரு விளக்கைக்கூட வீணாக எரிக்காத தன்னை இவன் அடித்ததெல்லாம் ஒரு கூட்டல் கழித்தல் பிசகு. அதைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

சேனாபதி சாப்பிட உட்கார்ந்ததும், பக்கத்து வீட்டுப் போனில் கேட்டறிந்ததைச் சொன்னாள். "நாம மிச்சம் புடிக்கப் புடிக்கத்தான் பில்லு ஏறுதுங்க. கோளாறு பிளான்ல இருக்குது."

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "பிளான் எடுத்தது யாரு?"

அவள் சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்தாள்.

"நாந்தானே எடுத்தேன்? அப்ப நான் முட்டாளு. பக்கத்து வீட்டுக்காரி போனை வாங்கி ஊரெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கறே, எம் புருசன் முட்டாளுன்னு."

எழுந்தான். அவள் இடது கையைப் பிடித்து, சமையல் மேடையின் கிரானைட் விளிம்பில் வைத்து, தன் முழு எடையையும் போட்டு அழுத்தினான். முருங்கைக்காயை ஒடிப்பது போலச் சத்தம் கேட்டது. மணிக்கட்டு போகக் கூடாத பக்கம் போய்த் தொங்கியது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு எப்படி நடந்தது என்று கேட்டாள். சேனாபதி சுவரோரம் கை கட்டி நின்றான். பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்றாள் சாரதா. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு காரில் திரும்பி வரும்போதுதான் அவளுக்கு விளங்கியது. பில் குறைந்தால் வேறொன்றுக்கு அடிப்பான்.

அவன் பிளானை மாற்றினான். இப்போது எடுத்தது ராத்திரி கரண்ட் இலவசம் என்கிற பிளான். பகல் கரண்டின் விலையில் அந்த இலவசத்தையெல்லாம் ஏற்றி வைத்திருந்தார்கள். பகலில் ஏசி கூடாது என்று உத்தரவு. சுவரில், ஏசியைக் கூட்டிக் குறைக்கிற தெர்மோஸ்டாட் ஒன்றைப் புதிதாக மாட்டினான். யார் தொட்டாலும் அவன் போனுக்குச் செய்தி போகும்.

ஆகஸ்ட் வந்தது. ஹூஸ்டன் ஆகஸ்டில் மூச்சு விடுவதே வெந்நீர் குடிப்பது போலிருக்கும். ஒரு மத்தியானம் சோபாவில் படம் வரைந்துகொண்டிருந்த வெண்பா வாந்தியெடுத்தாள். தொட்டால் உடம்பு கொதித்தது. வியர்வையே இல்லை. கூப்பிட்டால் கண் பாதிதான் திறந்தது. சாரதா அவளைத் தூக்கிப்போய்த் தண்ணீர்த் தொட்டியில் கிடத்தினாள். திரும்பி வந்து ஏசியை அறுபத்தெட்டில் வைத்தாள்.

வெண்பா தெளிந்து, ஈரத்தலையோடு சோபாவில் உட்கார்ந்திருந்தபோது சேனாபதியின் கார் வந்து நின்றது. காரேஜ் வழியாக உள்ளே வந்தான். கையில் சுத்தியல். யாரையும் பார்க்காமல் நேரே சுவருக்குப் போய் தெர்மோஸ்டாட்டை அடித்தான். கண்ணாடி சிதறியது. மறுபடி அடித்தான். சுவர் பொத்தலாகி ஒயர் வெளியே தொங்கியது.

"புள்ளைக்கு முடியலீங்க. மயங்கிருச்சு, அதுக்குத்தான்..."

சுத்தியல் அவள் தோளில் இறங்கியது. சுருண்டு விழுந்தாள். விலாவில் உதை விழுந்தது. "டாடி, ஸ்டாப்! ஸ்டாப் இட்!" என்று வெண்பா ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் குழந்தையின் கழுத்துச் சட்டையைப் பிடித்துத் தூக்கி எறிந்தான். அவள் நெற்றி மேசை முனையில் பட்டு ரத்தம் கண்ணில் வழிந்தது.

அந்த ரத்தத்தைப் பார்த்த பிறகு நடந்ததைச் சாரதா பின்னால் கோர்ட்டில் சொன்னபோது வார்த்தையைக் குறைக்கவே இல்லை. அடுப்பின் மேல் இரும்புத் தோசைக்கல் இருந்தது. சரியாக இருந்த கையால் அதை எடுத்தாள். அவன் மகளை நோக்கிக் குனிந்தான். முழங்காலில் அடித்தாள். மண்டியிட்டவன் சுத்தியலை ஓங்கினான். அந்தக் கையில் அடித்தாள். சுத்தியல் போய் விழுந்த பிறகும் அடித்தாள். இத்தனை நாள் சேலைத் தலைப்புக்குள் அடைத்து வைத்திருந்த சத்தமெல்லாம் அவள் தொண்டையிலிருந்து வந்தது. மிஸஸ் ரமிரெஸ் அவசர எண் 911-ஐக் கூப்பிட்டது அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான்.

வந்த போலீஸ் கண்டது, தரையில் முனகும் ஆணையும் தோசைக்கல்லோடு நிற்கும் பெண்ணையும். முதலில் விலங்கு மாட்டியது அவளுக்கு. நெற்றியைத் துணியால் அழுத்திக்கொண்டு வெண்பா ஒரு பெண் போலீஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள்: டிரையர், சுவர், அம்மாவின் கை. அவளுக்கு எல்லாமே கேட்டிருக்கிறது. விலங்கைக் கழற்றி அவனுக்கு மாட்டினார்கள்.

வழக்கு, பாதுகாப்பு உத்தரவு, வக்கீல், வன்முறைக்கு ஆளானவர்களுக்கான விசா என்று நாட்கள் இழுத்தன. பெண்கள் காப்பகத்திலிருந்து வெளியே வந்த சாரதா, ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் பகுதியில் ஒரு சிறு அபார்ட்மெண்ட் பிடித்தாள். வேலை அனுமதி வந்ததும், பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்த வசந்தாமணி அவளைக் கல்லாவில் உட்காரவைத்தாள். அபார்ட்மெண்டுக்குக் கரண்ட் எடுக்க கடைக் கம்ப்யூட்டரைத் திறந்தாள் சாரதா. அதே கொட்டை எழுத்து விலைகள். ஒவ்வொன்றின் அடியிலும் இருந்த பொடி எழுத்தைப் படிக்க ஆரம்பித்தாள்.

"பேசாம முதல்ல இருக்கறத எடுத்துரு சாரதா" என்றாள் வசந்தாமணி.

"வேண்டாங்க்கா. அப்படி எடுத்துத்தான் எங்கூட்ல ரத்தம் ஓடுச்சு."

ஒரு யூனிட்டுக்கு ஒரே விலை, எத்தனை எரித்தாலும் மாறாத விலை என்று தேடித் தேடி ஒன்றைப் பிடித்தாள். கடைக்கு வரும் பெண்கள் அதைக் கேள்விப்பட்டுத் தங்கள் பில்லையும் கொண்டுவந்து நீட்ட ஆரம்பித்தார்கள்.

கரண்ட் பிளான்களை மக்கள் எளிதாக ஒப்பிட்டுப் பார்க்க என்ன செய்யலாம் என்று மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் ஓர் அரசுக் குழு பொதுமக்களைக் கூப்பிட்டுக் கேட்டது. சாரதா பஸ் ஏறிப் போனாள். மைக் முன்னால் நின்று சொன்னாள்: எல்லா பிளானுக்கும் விலையை ஒரே மாதிரி போடச் சொல்லுங்கள். குறைவாக எரிக்கிற வீட்டுக்கு என்ன ஆகும் என்பதையும் அதே பெரிய எழுத்தில் போடச் சொல்லுங்கள். பிறகு தன் கதையைச் சொன்னாள்.

குழுவில் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். உங்கள் கணவர் அடித்ததற்கு இந்த பிளான்தான் காரணம் என்கிறீர்களா?

"இல்லை" என்றாள் சாரதா. "அடித்தது அவன். ஆனால் மிச்சம் பிடித்தால் பில் குறையும் என்று நான் நம்பினேன். அந்த நம்பிக்கையில் அந்த வீட்டில் கூடுதலாக ஒரு வருடம் இருந்துவிட்டேன்."

கேட்டுக்கொண்டார்கள். நன்றி சொன்னார்கள். இன்றுவரை அந்த விளம்பரங்கள் அப்படியேதான் இருக்கின்றன.

சேனாபதி தண்டனை முடிந்து வெளியே வந்துவிட்டான். காவலுக்கு ஆள் இருக்கும் ஓர் அறையில் மகளைப் பார்க்க அவனுக்கு அனுமதி உண்டு. சில வாரம் வெண்பா போகிறாள், சில வாரம் "நாட் டுடே" என்று சொல்லிவிடுகிறாள். சாரதாவின் இடது மணிக்கட்டு இப்போதும் முழுசாகத் திரும்பாது. யாராவது பில்லை நீட்டினால் அவள் முதலில் யூனிட்டைப் பார்ப்பாள். அடுத்து, "இதை உங்க வீட்ல யாருங்க திறப்பாங்க?" என்று சாதாரணமாகக் கேட்பாள். பெரும்பாலும் சட்டென்று பதில் வந்துவிடும். பதில் வராமல் யாராவது தரையைப் பார்த்தால், சாரதா கல்லாவைப் பூட்டிவிட்டு அவளோடு கார் நிறுத்தும் இடம் வரை நடந்து போவாள்.