திட்டு வராத நாட்கள்

பென்னலூரில் எங்கள் தெருவில் என் வாய்க்கு ஒரு மரியாதை உண்டு. குழாயடியில் நான் குடத்தை வைத்துவிட்டால், முந்தப் பார்ப்பவர்கள் ஒருமுறை யோசிப்பார்கள். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் அரண்டுதான் போனார். பிறகு பழகி, ரசிக்கவே தொடங்கிவிட்டார். இப்படிப்பட்டவளைப் பிடித்துக் கால் சென்டரில் உட்கார வைத்தார்கள்.

வாஷிங் மெஷின் புகார்களைக் கேட்கும் வேலை. ஹெட்செட்டை மாட்டினால் எதிர்முனையில் யாராவது என் குடும்பத்தையே இழுத்துத் திட்டுவார்கள். நான் "தங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று குழைய வேண்டும். குரலில் எரிச்சல் தெரிந்தால் மார்க் குறையும். நாள் முழுக்க வருந்தி வருந்தி, காதில் ஓயாத இரைச்சல், கழுத்தில் பிடிப்பு, தொண்டையில் எரிச்சல். அதைவிட மோசம், வீட்டிலும் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரகடம் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் பாலைப் பொங்கவிட்டு அடுப்பை நாசம் செய்தார். "பரவாயில்லைங்க, வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டேன். மனுஷன் பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். எனக்கும் பயம்தான். நான் ஒன்றும் நல்லவளாகிவிடவில்லை, உள்ளே காலியாகிவிட்டேன் என்று தெரிந்தது.

ஒருநாள் குரலே போய்விட்டது. ஒரு வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்றார் டாக்டர். அப்படியொரு சுகமான வாரத்தை நான் அனுபவித்ததே இல்லை. யாரிடமும் வருந்த வேண்டியதில்லை. மத்தியானம் நன்றாகத் தூங்கினேன். காதிரைச்சல் அடங்கி, பக்கத்து வீட்டுக் கோழி சத்தம் கேட்டது. மெல்ல மெல்ல எல்லாம் கண்ணில் படத் தொடங்கியது. வாசலில் குறுக்கே கிடக்கும் அவர் செருப்பு, ஆளில்லாத அறையில் சுற்றும் ஃபேன். வயிற்றில் ஏதோ சூடேறியது. அது என் பழைய கோபம்தான் என்று புரிந்தபோது சிரிப்பு வந்தது. ஆனால் வாய்வரை வருமா என்று தெரியவில்லை.

வாரம் முடிந்த காலையில் அவர் உப்புமாவுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு துண்டும் கட்டைவிரல் பருமன். என் குரல் கரகரவென்று கிளம்பியது.

"யோவ், உப்புமாவுக்கு அரியிறியா, மாட்டுக்குப் போடப் போறியா? இத்தினி வருசமா துன்றியே, எப்டி அரியிறதுன்னு ஒரு நாளாவது பாத்துகீறியா?"

கத்தி அப்படியே நின்றது. அதோடு நான் விடவில்லை. செருப்பு, ஃபேன், பொங்கிய பால் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டார். மூச்சு வாங்க நான் நிறுத்தியபோது அவர் முகமெல்லாம் சிரிப்பு. கண் மட்டும் கலங்கியிருந்தது. வெங்காயத்தின் மேல் பழி போடப் போகிறார் என்று நினைத்தேன்.

"உன்னிய அந்த ஆபீசுலியே வச்சிகினு, தெனமும் வேற யாரியோ வூட்டுக்கு அனுப்புறாங்கன்னு நெனச்சிகினு இருந்தேன்மே" என்றார்.

எனக்கு அழுகை முட்டியது. கத்தியைப் பிடுங்கிக்கொண்டு, தள்ளி நில்லுய்யா என்றேன். இன்னும் கொஞ்சம் திட்டச் சொன்னார். திட்டினேன்.