ஆனி ஓட்டாத டயர்

ஆனியின் புருஷன் மரியான் கப்பலில் இருந்து ஊருக்கு வரும்போது தங்கம் கொண்டுவந்ததில்லை. டயர் கொண்டுவருவார். மற்ற கப்பல்காரர் வீடுகளில் பெட்டியைத் திறந்தால் சென்ட் மணக்கும். இவர்கள் வீட்டில் ரப்பர் மணக்கும். "ஏளா, ஒனக்கு வாய்ச்சது புருஷனா, சைக்கிள் கடையா?" என்று நான் கேட்பேன். "ஒனக்கு அதுவும் வாய்க்கலியே" என்பாள். என் வீட்டுக்காரர் எனக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்தவற்றை எண்ண ஒரு கை விரல் போதும் என்பதால் நான் வாயை மூடிக்கொள்வேன்.

நான் விஜிலா. நாசரேத்துக்காரி, தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டவள். ஆனியும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள். அவள் கணக்கு, நான் தமிழ். அவள் மாதா கோவில், நான் சி.எஸ்.ஐ. அதை வைத்து ஒருநாளும் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. டீக்கு யார் காசு கொடுப்பது என்பதில் வாரா வாரம் வரும். எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். அவளுக்கு அதைக் கிளப்பிவிட்டு வேடிக்கை பார்ப்பதில் ஒரு சந்தோஷம்.

சனிக்கிழமை விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு திருச்செந்தூர் ரோட்டில் கிளம்புவோம். என்னுடையது நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சாதா சைக்கிள். அவளுடையது கைப்பிடி கீழே வளைந்த ரேஸ் சைக்கிள். குனிந்துதான் ஓட்ட வேண்டும். உப்பளங்களைத் தாண்டி, பழையகாயலைத் தாண்டி, ஆத்தூர் பாலம் வரைதான் எனக்கு மூச்சு. அங்கே டீ குடித்துவிட்டு நான் திரும்பிவிடுவேன். அவள் திருச்செந்தூர், குலசை என்று போய்க்கொண்டே இருப்பாள். மனசு சரியில்லை என்றால் உடன்குடிப் பக்கம் செம்மணல் மேடான தேரிக்காட்டு ரோட்டில் திரும்புவாள். பிள்ளை இல்லாத வீடு, வருஷத்தில் முக்கால்வாசி நாள் புருஷனும் இல்லை. சைக்கிள் இல்லையென்றால் பைத்தியம் பிடித்திருக்கும் என்று அவளே சொல்லுவாள்.

சைக்கிள் வாங்கிய புதிதில் அதில் விரல் தடிமனுக்கு மெல்லிய டயர் இருந்தது. வெளிநாட்டு ரோட்டுக்கு அது சரி. நம்ம ரோட்டில் வெடித்த லாரி டயர்களின் இரும்புக்கம்பி ஊசி ஊசியாகக் கிடக்கும். ஓரம் ஒதுங்கினால் கருவேல முள். உப்பு லாரி சிந்திக்கொண்டு போன இடமெல்லாம் காலையில் நசநசவென்று ஈரம். வாரம் தவறாமல் பஞ்சர். மரியான் அந்த முறை லீவில் வந்தபோது பஞ்சரான ட்யூப்களை எல்லாம் வரிசையாகப் போட்டு ஒவ்வொரு ஓட்டையையும் பார்த்தார். அடுத்த முறை வரும்போது இருபத்தெட்டு எம்.எம். அகலத்தில், உள்ளே முள் ஏறாத பட்டை வைத்த டயர் ஒரு ஜோடி கொண்டுவந்தார். ஏதோ ஒரு துறைமுகத்தில் கிடைத்த அரைநாள் லீவில் கடை கடையாக ஏறி, ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்து எடுத்தாராம். அதிலிருந்து ஒவ்வொரு கப்பல் காண்டிராக்ட் முடியும்போதும் ஒரு ஜோடி.

வந்த மறுநாள் காலையில் முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவார். பழைய டயரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் சுற்றிலும் தடவுவார். தேய்மானத்தைப் பார்ப்பார், கீறலைப் பார்ப்பார், ரிம்மின் இடுக்கில் ஒட்டியிருக்கும் மண்ணைச் சுரண்டிப் பார்ப்பார். "தேரிச் செம்மண்ணு நெறைய இருக்கே. என்ன, இந்த வருஷம் எம்மேல கோவமா இருந்தியோ?" என்பார். ஆனி அடுப்பைப் பார்க்கிற சாக்கில் குசினிக்குள் போய்விடுவாள். போனில் தினம் பேசுகிறவர்கள்தான். ஆனால் போனில் சொல்லாததை எல்லாம் அந்த மனுஷன் டயரில் தெரிந்துகொண்டார்.

போன வருஷம் மார்ச்சில் ஒரு சனிக்கிழமை. முக்காணி தாண்டி நான் அவளுக்கு இடப்பக்கம் ஒட்டினாற்போல் வந்துகொண்டிருந்தேன். என் மாமியாரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவள், நான் மூச்சு வாங்கிப் பேசாமல் இருந்த கொஞ்ச நேரத்தில், "ஏளா விஜி, எங்க போயிட்ட?" என்று சத்தமாகக் கூப்பிட்டாள். கையை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தேன். விளையாடுகிறாள் என்று நினைத்துத் திட்டினேன். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை என்று பார்த்ததும் சைக்கிளை ஓரம் கட்டச் சொன்னேன்.

திருநெல்வேலியில் கண் டாக்டரிடம் போனோம். கண்ணில் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுப்போயிருக்கிறது, பக்கப்பார்வை ரெண்டு கண்ணிலும் போய்விட்டது, நேரே இருப்பது மட்டும்தான் தெரியும் என்றார். போனது திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்து நிறுத்தினாலும் நிறுத்தும், நிறுத்தாமல் போனாலும் போகும். ரோட்டில் சைக்கிள் ஓட்டவே கூடாது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். வல்லநாடு வந்தபோது என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அவருக்குத் தெரியக்கூடாது" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். கட்டின புருஷனிடம் மறைக்கிற காரியமா இது? கத்தினேன். அவள் மெதுவாகச் சொன்னாள்.

அவளுடைய அப்பா கொழும்புக்குப் போகும் தோணியில் தண்டல். தோணியை நடத்துகிறவரைத் தண்டல் என்பார்கள். அம்மாவுக்குச் சுகமில்லாமல் போனதும் அவர் கடலை விட்டுவிட்டுக் கரையில் இறங்கினார். அதற்குப் பிறகு சிரித்துப் பேசி ஆனி பார்த்ததில்லை. கடற்கரைக்குப் போவார், தோணிகளைப் பார்ப்பார், வருவார், படுப்பார். அம்மா சாகிறவரைக்கும், "நாந்தான் அந்த மனுஷனக் கரையில கட்டிப்போட்டேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நோயைவிட அந்த அழுகைதான் அவளைக் கொன்றது என்றாள் ஆனி.

"மரியானுக்கு அடுத்த காண்டிராக்ட்ல போசனா, டெக்கு ஆளுகளுக்கு மேஸ்திரியா போறதுக்கு ஆர்டர் வந்திருக்கு. இத்தன வருஷம் அடுத்தவன் ஏவுன வேலையச் செஞ்ச மனுஷன், இப்பதான் டெக்குல நின்னு தானா ஏவப்போறாரு. அந்த ஒரு தடவ போயிட்டு வரட்டும். பொறவு நானே சொல்லுதேன்."

"சரி, சைக்கிள் ஓட்டுறத விட்டுட்டேன்னு மட்டும் சொல்லு."

"ஏன்னு கேப்பாரு. எனக்கு அவருட்ட பொய் சொல்ல வராது. ரெண்டு கேள்வில வாங்கிருவாரு. வந்தா மொதல்ல டயரத்தான் பாப்பாரு. டயரு தேஞ்சிருந்தா கேள்வியே வராது. நீ ஓட்டுளா."

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அவள் சைக்கிளை நான் ஓட்ட ஆரம்பித்தேன். குனிந்து ஓட்டி முதுகு பிளந்தது. கூட ஆள் இல்லாமல் ரோடு நீண்டுகொண்டே போனது. ஆத்தூர்ப் பாலத்து டீக்கடைக்காரர், "அந்த டீச்சர் எங்க?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டார். நான் திரும்பி வரும்போது ஆனி வாசலில் நிற்பாள். சைக்கிளை வாங்கி டயரைத் தடவிப் பார்ப்பாள். "போதாது, இன்னும் தேயணும்" என்பாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "நீ பண்றது முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிற வேல" என்றேன். "எங்க வீட்டுல சோறு நெறைய" என்றாள்.

டிசம்பரில் மரியான் வந்தார். ஆனி குசினியில் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். நான் தைரியம் கொடுக்கலாம் என்று போயிருந்தேன். முற்றத்தில் சைக்கிள் தலைகீழாக நின்றது. அவர் பின் டயரைக் கழற்றி மடியில் வைத்துத் தடவினார். ஒரு இடத்தில் விரல் நின்றது. இன்னொரு சுற்று தடவினார். மறுபடியும் அதே இடம். பிறகு முன் டயரைக் கழற்றினார். அதில் பக்கவாட்டில் புது டயரின் ரப்பர் முடிகூட உதிராமல் இருந்தது. ரிம்மின் இடுக்கைச் சுரண்டினார். வெறும் கரியும் தாரும்தான் வந்தது.

"டீச்சர்," என்றார் தாழ்ந்த குரலில், "எத்தன மாசமா நீங்க ஓட்டுறீங்க?"

ஆனிதான் ஓட்டினாள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஆனி முன் பிரேக்தான் பிடிப்பா. இது பின் பிரேக்க அமுக்கி அமுக்கி ஒரு எடத்துல நூலு தெரியுத அளவுக்குத் தேஞ்சிருக்கு. ஏறுன பாரமும் கூடுதலு. கோச்சிக்கிடாதீங்க." குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டார். "அவளுக்கு என்ன செய்யுது?"

வேறு சமயமாக இருந்தால் பாரத்தைப் பற்றிச் சொன்னதற்கு ஒரு பிடி பிடித்திருப்பேன். அன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கண், டாக்டர், போசன் வேலை, அவள் அம்மாவின் அழுகை, எல்லாம். நான் முடிக்கிறவரை அவர் டயரைக் கீழே வைக்கவில்லை.

"போகாதீங்க அண்ணே" என்றேன். "அவ சொல்லுதது கெடக்கட்டும். நீங்க கரையில நில்லுங்க."

"நான் நின்னா ஏன் நின்னேன்னு அவளுக்குத் தெரிஞ்சிரும். அவ அம்மா அழுத அழுகைய இவளும் அழுவா. கண்ணும் போயி, அதையும் சொமக்கணுமா அவ?" முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இந்த ஒரு தடவ அவ ஆசப்பட்டபடி போயிட்டு வந்திருதேன். வந்ததும் இடுப்பு வலி, இனிமே கப்பலு ஆகாதுன்னு சொல்லிருவேன். எனக்காக எறங்கின மாதிரி இருக்கட்டும்."

"அதுக்குள்ள அவளுக்கு மிச்சப் பார்வையும் போயிரலாம்ணே" என்றேன்.

"தெரியும் டீச்சர்" என்றார்.

பெட்டியிலிருந்து புது டயர்களை எடுத்து மாட்டத் தொடங்கினார். ரெண்டு முறை டயர் ரிம்மை விட்டு நழுவியது. வேலையைப் பார்த்துக்கொண்டே என்னிடம் ஒன்று கேட்டார். "முன் பிரேக் பிடிச்சு ஓட்டப் பழகிக்கோங்க. ரெண்டையும் சேத்து மெதுவா அமுக்குங்க, பயமில்ல. தேரிப் பக்கமும் ஒருக்கா போயிட்டு வாங்க. அடுத்த தடவ நான் கழட்டும்போது அவளும் பக்கத்துல இருந்து தடவிப் பாப்பா. அவ ஓட்டுன மாதிரியே இருக்கணும். இல்லன்னா நான் கண்டுபிடிக்காத மாதிரி நடிக்க முடியாது."

அப்போது ஆனி மீன் தட்டோடு வெளியே வந்தாள். பழைய டயரைக் கையில் எடுத்துக் காட்டி, "நல்லா ஓட்டியிருக்கேன்லா?" என்றாள். நூல் தெரியும் இடம் அவள் விரலுக்குக் கீழேதான் இருந்தது.

"நல்லா ஓட்டியிருக்க" என்றார் மரியான்.

அவர் கப்பலுக்குக் கிளம்புகிற நாள் சாயங்காலம் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. எப்போதும் அவளுக்குப் பக்கத்தில் நின்று தோளில் கைபோட்டு விடைபெறுகிறவர், அன்று அவளுக்கு நேர் எதிரே வந்து நின்றார். அவளுக்கு இன்னும் தெரிகிற அந்தக் கொஞ்ச இடத்தில், முகத்தை அசைக்காமல், ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறவரைக்கும் நின்றார். "என்ன, படம் பிடிக்கவா நிக்கீரு?" என்று ஆனி கேலி பண்ணினாள். அவரும் சிரித்தார். கழுவுற மீனில் நழுவுற மீன் மாதிரி ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

ஆட்டோ தெருமுனையில் திரும்பியது. ஆனி என் கையைப் பிடித்தாள்.

"விஜி, அவருக்கு ஒண்ணும் தெரியலல்லா?"

"ஒண்ணும் தெரியல."

"ஏளா, நல்லவேள" என்று பெருமூச்சு விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்புக்காகத்தான் அந்த மனுஷன், தான் திரும்பி வரும்போது அவளுக்குத் தன் முகம் தெரியுமோ தெரியாதோ என்பதைக்கூடக் கேட்காமல் கப்பலேறப் போனார்.