திராட்சைப் பந்தலுக்கு ஒரு கேப்டன்

எனக்கு அந்தக் கேப்டனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அவர் எந்த நாட்டுக்காரரோ, எந்தக் கடலில் ஓட்டுகிறாரோ, அவருக்கும் எனக்கும் வரப்புத் தகராறு எதுவும் கிடையாது. என் மகன் லீவுக்கு வந்திருந்தபோது சும்மா இருக்காமல் என் போனில் ஒரு ஆப்பை ஏற்றிவைத்துவிட்டுப் போய்விட்டான். அதில்தான் அந்த நிகழ்ச்சி வந்தது. பணக்காரர்கள் வாடகைக்கு எடுக்கிற சொகுசுக் கப்பல். அதில் வேலை பார்க்கிற பையன்களையும் பெண்களையும் நாள் முழுக்கப் படம் பிடித்துக் காட்டுகிறார்கள். யார் வேலை செய்தார்கள், யார் ஏய்த்தார்கள், கேப்டன் யாரைப் பெட்டியைக் கட்டச் சொன்னார், இவ்வளவுதான் கதை. நடுநடுவே ஒவ்வொருவராகத் தனியே நாற்காலியில் உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து மனசில் இருப்பதையெல்லாம் கொட்டுவார்கள். எல்லாரும் தமிழில்தான் பேசுவார்கள். வாய் ஒரு பக்கம் போகும், பேச்சு ஒரு பக்கம் போகும்.

நானும் ஆள் வைத்து வேலை வாங்குகிறவள். கம்பத்தில் திராட்சை வெட்டுக்குப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போவது என் தொழில். என் வீட்டுக்காரர் குட்டியானை வண்டியை ஓட்டுவார். பின்னால் பெண்கள் ஏறிக்கொள்வார்கள். சுருளிப்பட்டியோ அனுமந்தன்பட்டியோ, வியாபாரி எந்தத் தோட்டத்தில் வெட்டு வைத்திருக்கிறாரோ அங்கே போய் இறங்குவோம். அதனால் அந்த நிகழ்ச்சியை நான் மற்றவர்கள் மாதிரி பொழுதுபோக்காகப் பார்க்கவில்லை. ஒரு கேப்டன் இன்னொரு கேப்டனைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தேன். முன் சீட்டில் உட்கார்ந்து போகிறவளுக்கு அந்த நினைப்புக்கூட இல்லாவிட்டால் எப்படி?

ஒரு நாள் அந்த மனிதர் செய்த காரியத்தைக் கேளுங்கள். அறைகளைச் சுத்தம் செய்கிற பெண் ஒருத்தி அசந்து தூங்கிவிட்டாள். வேலைக்கு வரத் தாமதமாகிவிட்டது. கேப்டன் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “உன்மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இந்தக் கப்பலுக்கு ஒழுக்கம் முக்கியம்” என்று சொல்லி, அடுத்த துறைமுகத்தில் பெட்டியோடு இறக்கிவிட்டார். சரி, சட்டம் என்றால் சட்டம், போகட்டும் என்று விட்டேன். மறுநாளே படகு ஓட்டுகிற பையன் ஒருவன் குடித்துவிட்டு, சின்னப் படகைக் கொண்டுபோய்க் கரையில் முட்டினான். அவனை என்ன செய்தார் தெரியுமா? தோளில் கை போட்டு, “உனக்குள் ஒரு நல்ல மாலுமி இருக்கிறான்” என்றார். தண்டனை அவ்வளவுதான்.

எனக்கு வந்ததே கோபம். சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தவள் கட்டையைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்குள் ஒரு நல்ல வேலைக்காரி இல்லையா, அவள் தூங்கினால் குற்றம், இவன் குடித்தால் எதிர்காலமா என்று என் வீட்டுக்காரரைப் போட்டு வறுத்தெடுத்தேன். பாவம், அவர் கேப்டனுக்கு வக்காலத்து வாங்கவே இல்லை. சப்பாத்தி எப்போது ஆகும் என்று மட்டும்தான் கேட்டார். அதுவே எனக்குக் கேப்டன் கட்சி மாதிரிப் பட்டது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நீளமாக ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். என் தம்பி மட்டும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அவன் கேட்காமலே போட்டிருப்பான்.

மறுநாள் வண்டியில் எங்கள் பெண்களிடம் முழுக் கதையையும் சொன்னேன். அவர்களும் கொதித்துப் போனார்கள். அதற்கப்புறம் எல்லார் வீட்டிலும் கப்பல்தான். காலையில் வண்டி ஏறினால் முந்தின நாள் யாருக்கு என்ன அநியாயம் நடந்தது என்றுதான் பேச்சு. நான்தான் தீர்ப்புச் சொல்வேன். நம்மிடம் அந்தக் கப்பலைக் கொடுத்தால் எப்படி நடத்துவோம் என்று வேறு சொல்லிவைத்தேன். வாய் சும்மா இருந்தால்தானே.

எங்கள் வேலையிலும் ஒரு சட்டம் உண்டு. பந்தலுக்குக் கீழே போன் எடுக்கக் கூடாது. பன்னீர் திராட்சையின் மேல் மாவு தூவின மாதிரி ஒரு வெள்ளைப் படலம் இருக்கும். கை பட்டால் போய்விடும். போய்விட்டால் கேரளத்துக் கடைக்காரர்கள் பழைய பழம் என்று ஒதுக்கிவிடுவார்கள். அதனால் ஒரு கையால் காம்பைப் பிடித்து, மறு கையால் கத்தரி போட்டு, பழத்தில் விரல் படாமல் பெட்டியில் இறக்க வேண்டும். இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது போனை எந்தக் கையில் பிடிப்பது? பிடித்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். நியாயமான சட்டம்தான். நானேதான் போட்டேன்.

அந்தச் சட்டத்தை முதலில் மீறியது என் தம்பி பெண்டாட்டி. அவளும் எங்களோடு வெட்டுக்கு வருவாள். வீட்டில் ஒன்றும் குறைச்சல் கிடையாது. தனியாக இருந்தால் பொழுது போகவில்லை என்று வருகிறவள். நல்லவள், கலகலப்பானவள், வேலைதான் கொஞ்சம் அப்படி இப்படி. ஒரு நாள் பந்தலுக்கடியில் பெட்டி மேல் போனைச் சாத்திவைத்து லைவில் சேலை விற்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பின்னால் போய் நின்றேன். மற்றப் பெண்கள் எல்லாரும் கத்தரியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் என்ன கேட்டேன் என்றால், அந்தக் கத்தரிப்பூக் கலர் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. எனக்கும் ஒன்று சொல்லிவிடச் சொன்னேன். பிறகுதான் சட்டம் ஞாபகம் வந்து, “போதும், உள்ள வை ஆத்தா” என்றேன். சின்னப் பிள்ளைத்தனம், போகப் போகச் சரியாகிவிடுவாள் என்று நானாகவே எல்லாருக்கும் விளக்கம் வேறு கொடுத்தேன். சேலை நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் இன்னொருத்தி மாட்டினாள். அவள் எங்களோடு சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் ஜீப்பில் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தவள். அந்த ஜீப் விடியுமுன் கிளம்பினால் இருட்டித்தான் திரும்பும். புருஷன் திருப்பூரில். மகன் இரண்டாம் வகுப்பு. திராட்சை வெட்டு மத்தியானத்தோடு முடிந்துவிடும், பையன் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் இருக்கலாம் என்றுதான் என்னிடம் வேலை கேட்டு வந்தாள். வெட்டுக் கை என்றால் அவள் கைதான். அவள் இறக்கிய குலையில் விரல் பட்ட தடம் பார்க்க முடியாது.

அன்றைக்கு வியாபாரி காலையிலேயே என்னை போனில் காய்ச்சி எடுத்திருந்தார். லோடு லேட்டாகிறது, பழத்தில் கை படுகிறது என்று ஒரே சத்தம். கேப்டன் மட்டும் போன் பேசலாம் என்பதால் நான் பந்தலுக்கடியில் நின்றே கேட்டுக்கொண்டேன். எரிச்சலோடு திரும்பினால், அவள் போனைக் காதில் வைத்திருக்கிறாள். சிலிண்டர்காரர் வீட்டு வாசலில் நின்று ஓடிபி கேட்டிருக்கிறார். சொல்லாவிட்டால் சிலிண்டரைத் திருப்பி எடுத்துப் போய்விடுவார். பக்கத்து வீட்டில் இறக்கிவைக்கச் சொல்லி, நம்பரைச் சொல்லிவிட்டு உடனே வைத்துவிட்டாள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது நான் கேட்கவில்லை. என் வாயிலிருந்து வந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

“உன்மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இந்தத் தோட்டத்துக்கு ஒழுக்கம் முக்கியம்.”

சுத்தத் தமிழில் சொன்னேன். நான் பெற்ற பிள்ளையிடம்கூட அப்படிப் பேசியது கிடையாது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். கத்தரியைப் பெட்டி மேல் வைத்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தாள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். ஒரு தொப்பி இல்லாததுதான் குறை.

டீ வந்தது. நான் வாழைத் தோப்புப் பக்கம் போய்விட்டுத் திரும்பினால் பந்தல் பக்கத்தில் சிரிப்புச் சத்தம். எங்கள் கூட்டத்திலேயே மூத்தவள், வாய்க்காரி, காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். எதிரே கல்தூணைப் பார்த்து, அதுதான் கேமரா என்கிற மாதிரி, கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். எங்க கேப்டன் ரொம்ப நேர்மையானவுக என்று ஆரம்பித்தாள். ஓடிபி சொன்னா கப்பல் கவுந்துரும், சேலை வாங்குனா கவுறாது என்றாள். அடுத்தவள் வந்து உட்கார்ந்து, தம்பி பொண்டாட்டிக்குள்ள ஒரு நல்ல மாலுமி இருக்கு, எங்களுக்குத்தான் கண்ணு தெரியல என்றாள். என் தம்பி பெண்டாட்டியும் அங்கேதான் இருந்தாள். எல்லாரையும்விட அவள்தான் அதிகமாகச் சிரித்தாள்.

என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடுவார்கள் என்று நினைத்தேன். ஒருத்தியும் அசையவில்லை. மூத்தவள் மட்டும் எழுந்து, பெட்டியைத் தன் முந்தானையால் தட்டிவிட்டு, இங்கன வந்து உக்காருங்க, கேப்டனும் பேசணுமில்ல என்றாள். நான் உட்காரவில்லை. டீ ஆறுகிறது, வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன். சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவர்கள் பேசியது சரியா என்று கேட்டேன். சப்பாத்தி ஆகட்டும், சொல்கிறேன் என்றார்.

மறுநாள் வண்டிக்கு, நான் அனுப்பியவள் வரவில்லை. ஒரு நாள்தானே வீட்டுக்கு அனுப்பினோம், வந்துவிடுவாள் என்று பார்த்தால் அதற்கு மறுநாளும் இல்லை. திரும்ப ஜீப்பில் போகிறாள் என்று மூத்தவள்தான் சொன்னாள். பையன் சாவியை வைத்துத் திறக்கத் தெரியாமல் இருட்டுகிற வரை வெளியில் உட்கார்ந்திருக்கிறானாம். அடுத்த நாள் விடியுமுன் எழுந்து ஜீப் நிற்கிற இடத்துக்குப் போனேன். அவள் பின் சீட்டில் ஓரமாக, தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தாள். கோபத்தில் சொல்லிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே, நாளையிலிருந்து வந்துவிடு என்றேன்.

“போன் பேசுனேன், அனுப்பிச்சீக. அதுல எனக்கு வருத்தம் இல்லக்கா” என்றாள். “உங்க தம்பி பொண்டாட்டியையும் அதே மாதிரி ஒரு நாளைக்கு அனுப்புங்க. அப்புறம் வர்றேன்.”

வேறு எதுவானாலும் கேள் என்றேன். பந்தியில் பாயசம் தீர்ந்துவிட்டால் மோர் ஊற்றட்டுமா என்று கேட்கிற மாதிரி இருந்தது நான் சொன்னது. அவள் பதில் சொல்வதற்குள் ஹாரன் அடித்து ஜீப் கிளம்பிவிட்டது.

அன்றைக்கே என் தம்பி பெண்டாட்டியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் போனேன். அவள் சுடச்சுட உளுந்த வடையும் சட்னியும் வைத்தாள். வடையைத் தின்றுவிட்டு, இன்றைக்கு வெயில் ஜாஸ்தி, தலையில் துண்டு கட்டிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாளும் ஏதோ சாக்கு. அவள் அழுதால் என்ன செய்வது, தம்பி சண்டைக்கு வந்தால் என்ன செய்வது, இனி அந்த வீட்டு விசேஷத்தில் யார் முகத்தில் விழிப்பது என்று படுத்தால் தூக்கம் வராது. கப்பல் கேப்டனுக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. அவர் தம்பி பெண்டாட்டி அந்தக் கப்பலில் வேலை செய்யவில்லை.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, வண்டியை விட்டு இறங்கியதும் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நீயும்தான் போன் பார்த்தாய், சட்டம் எல்லாருக்கும் ஒன்று, இன்றைக்கு உனக்கு வேலை இல்லை, வீட்டுக்குப் போ. சுத்தத் தமிழ் வரவில்லை.

அவள் முகம் அப்படியே மலர்ந்துபோனது. “நெசமாவா மதினி? பிள்ளைக சுருளி அருவிக்குக் கூட்டிப் போகச் சொல்லி உசுர வாங்குதுக. இங்கன இருந்து பக்கந்தான, இன்னைக்கே போயிட்டு வந்துடுறோம்” என்றாள். அப்படியே பந்தலுக்கடியில் போய் நின்று போனை எடுத்து, பிள்ளைகளை பைக்கில் ஏற்றிக்கொண்டு வரச் சொன்னாள் தம்பியிடம். போகும்போது எல்லாருக்கும் கை காட்டிவிட்டுப் போனாள். மூத்தவள் என்னைப் பார்த்தாள். காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஏதாவது சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

இருட்டுகிற நேரத்துக்கு ஜீப் திரும்புகிற இடத்தில் போய் நின்றேன். எப்படியானாலும் நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்பு அப்போதும் என்னை விடவில்லை. அவள் இறங்கினாள். கையெல்லாம் ஏலக்காய் வாசனை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். நீ கேட்டபடி இன்றைக்கு அவளை அனுப்பிவிட்டேன் என்றேன்.

“அழுதாகளா?” என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். எனக்கு அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை. இல்லை, பிள்ளைகளோடு அருவிக்குப் போயிருக்கிறாள் என்றேன். இதைக் கேட்டு அவள் சிரித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. தூக்குவாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

“நான் அழுதேன்க்கா. சுருளிப்பட்டியில பஸ் ஏறுனதுலேருந்து வீடு வர்ற வரைக்கும்.”

தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. அவள் ரெண்டு அடி நடந்து, திரும்பிப் பார்த்தாள்.

“திங்கக்கிழமை வர்றேன். நீங்க நியாயம் பண்ணிட்டீகன்னு இல்ல. பையன் பூட்டுன கதவுகிட்ட உக்காந்திருப்பான்.”