பெரியப்பா குடித்த சீனி

இன்று பஸ் நிலையத் தேத்தண்ணிக் கடையில், "சீனி போடவோ?" என்று கேட்டார்கள். சிரித்துவிட்டேன்.

எழுபதுகளின் சீனித் தட்டுப்பாட்டில், சாம்பல்தீவில் பெரியப்பா சாகக் கிடந்தார். டாக்குத்தர் கையை விரித்துவிட்டார். உறவுகள் எல்லோரும் வந்து அவர் வாயில் கடைசிப் பால் பருக்கினோம்.

பெரியப்பா கண் திறந்தார். "இதுக்குச் சீனி போடேல்லையோ?"

"சீனிக்கு நான் எங்க போக?" என்று பெரியம்மா அழுதார்.

"என்ர செத்தவீட்டுத் தேத்தண்ணிக்கெண்டு அலுமாரிக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறீரே, அதை எடும்!"

ஒரு கிழமை இருந்து, அந்தச் சீனி முழுவதையும் குடித்து முடித்த பிறகுதான் போனார்.

செத்தவீட்டில் சீனியில்லாத தேத்தண்ணியைக் குடித்து எல்லோரும் முகத்தைச் சுளித்தோம். பார்த்தவர்கள் துக்கம் என்று நினைத்தார்கள்.

என் கடைசிப் பாலுக்கு இரண்டு கரண்டி என்று மனைவியிடம் இப்போதே சொல்லிவிட்டேன். உங்களுக்கு எத்தனை?