கோர்ட் வராண்டாவில் கடல் புழு

போன செவ்வாய்க்கிழமை உத்தமபாளையம் கோர்ட்டில் இருந்தேன். சாட்சி சொல்லவா? இல்லை... வழக்கே என்னுடையதுதான்.

எதிராளி, என் கூடப்பிறந்த அண்ணன். மார்க்கையன்கோட்டையில் அப்பா விட்டுப்போன ஒரே கிணறு. யாருக்கு எத்தனை நாள் மோட்டார் ஓடணும் — இதுதான் தகராறு. நாலு வருஷமாக அண்ணன் என்னோடு பேசுவதில்லை. ஆனால் வருவதென்னவோ ஒரே பஸ்ஸில். உட்காருவதும் ஒரே பெஞ்சில். வேறு பெஞ்ச் காலியாக இருந்தால்தானே?

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து போய் டீ குடித்தேன். வந்து கேஸ் லிஸ்ட்டைப் பார்த்தேன். மறுபடி டீ. உட்கார்ந்தால் கால் தானாக ஆடுகிறது. கிணறு போனால்கூடப் போகட்டும், இந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசித் தொலைத்தால் போதும் என்றிருந்தது. நீயாகப் பேசலாமே என்கிறீர்களா? பேசலாம்தான்... வீம்பு எனக்கு மட்டும் இல்லையா என்ன?

செல்லை எடுத்தேன். எங்கோ நடுக்கடலில் ஓர் ஆராய்ச்சிக் கப்பல். ரோபோ கேமராவை அடி ஆழத்துக்கு இறக்கி லைவ் போடுகிறார்கள். கடல் தரையில் எண்ணெயும் கேஸும் கசிகிற இடம். கும்மிருட்டு. அங்கே குழாய் குழாயாகப் புழுக்கள், கொத்துக் கொத்தாக.

தோளுக்குப் பக்கத்தில் மூச்சுச் சத்தம்.

"ஏலே... அது என்னதுலே?"

அண்ணன்தான்.

"புழுண்ணே. வாயும் கிடையாது, குடலும் கிடையாது."

"பெறகு எப்படித் திங்கும்?"

"உடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கிருமி குடியிருக்கு. அழுகுன முட்டை நாத்தம் அடிக்குமே, அந்தக் கேஸைப் புழு உறிஞ்சிக் குடுக்கும். கிருமி அதை வச்சே சாப்பாடு செஞ்சு போடும்."

திராட்சை விவசாயியான அண்ணனுக்கு இது தாங்குமா? ஒரு நாள் வெயிலை மறைத்து மோடம் போட்டாலே கொடியைப் பார்த்துப் பதறுகிறவர்.

"வெயிலே இல்லாமயா?"

"பேருக்குக்கூடக் கிடையாதுண்ணே."

அண்ணன் இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அங்கன யாருக்கு எத்தன நாளுன்னு யாருலே பிரிச்சு விடுறாக?"

"ரெண்டையும் பிரிச்சா புழு செத்துரும்ணே."

சொன்ன பிறகுதான் எனக்கே சுருக்கென்றது. அண்ணன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அதற்குள் எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனோம். என் வக்கீலே வாய்தா கேட்டார், கிடைத்தது. வாய்தா என்றாலே வக்கீலிடம் எரிந்து விழுகிறவன், அன்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வெளியே வந்ததும், வழக்கை வாபஸ் வாங்கிரலாமாண்ணே என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது... அண்ணன் முந்திக்கொண்டார்.

"வர்ற வாய்தாவுக்கும் அந்தச் செல்லக் கொண்டு வாலே. புழுக் கதை பாதியில நிக்குது."