நாகம்மை தொழுவத்துக் கோட்டை

ஆராம்புளியில் வாழ்க்கைப்பட்டு இருபத்தாறு வருஷத்தில் நாகம்மை அந்தக் கோட்டை மதிலை ஒருநாள்கூட மதித்ததில்லை. கடுக்கரையிலிருந்து கல்யாணம் முடிந்து வந்த அன்றைக்கு, வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார்காரி விரலை நீட்டி, “அன்னா பாரு மைனி, எங்க ஊருக் கோட்டை” என்று பெருமையாகக் காட்டினாள். நாகம்மை எட்டிப் பார்த்தாள். பாதி இடிந்து, மீதி கள்ளியும் முள்ளும் மூடிக் கிடந்தது. ஒரு வெள்ளாடு மேலே ஏறி நின்று இவர்கள் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆடு ஏறி நிற்கிற கோட்டைக்கு இத்தனை பவிசா என்று அன்றைக்கே மனசுக்குள் ஒதுக்கிவிட்டாள்.

அதன் பிறகு அதனால் கண்ட பிரயோசனம் இரண்டு. ஒன்று, அதன் மேற்குப் பக்கத்துச் சரிவில் வறட்டி காயப்போடலாம். இன்னொன்று, அவளுடைய மாமனார் அதிலிருந்து எண்பது வண்டி கல்லைப் பெயர்த்துக்கொண்டு வந்து கட்டிய மாட்டுத் தொழுவம். ஊரிலுள்ள வீடெல்லாம் ஆடி மாசத்துக் காற்றில் ஓலை பறந்து நிற்கும்போது அந்தத் தொழுவம் மட்டும் அசையாது. அதற்காக அவள் மாமனாரை மதித்தாள். கோட்டை கட்டிய ராஜாவை அல்ல.

புருஷன் தாணுமாலயனையும் அவள் பெரிதாக மதித்தாள் என்று சொல்ல முடியாது. நல்ல மனுஷன். கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. ஆனால் வாய்க்கும் மனசுக்கும் இடையில் கதவு கிடையாது. காலையில் எழுந்ததும் டீக்கடைக்குப் போய், திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்தது சரியா, நாம் மதராஸோடு போகவேண்டுமா என்று பத்து மணிவரைக்கும் ராஜ்யங்களைப் பிரித்துச் சேர்த்துவிட்டுத்தான் வயலுக்கு வருவான். அதற்குள் நாகம்மை வரப்பு வெட்டி முடித்திருப்பாள்.

வயல் சொந்தமில்லை. பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு எடுத்தது. ஒரு கோட்டை விதைப்பாடு. நாஞ்சில் நாட்டில் நெல்லை மரக்காலால் அளந்து, இருபத்தொரு மரக்கால் சேர்ந்தால் ஒரு கோட்டை என்பார்கள். ஒரு கோட்டை விதை விதைக்கிற நிலம் ஒரு கோட்டை விதைப்பாடு. ஒரு பூ, ஒரு போகம், விதைக்காமல் தரிசு போட்டால் நிலத்துக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். அவர் வாசலில் பாட்டம் கேட்டு இரண்டு பேர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு காத்து நிற்கிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

கொல்லம் 1125 சித்திரையில், இங்கிலீஷ் வருஷம் 1950-இல், அவளுக்கு இருந்த கவலை அந்த ஒரு கோட்டை விதையைப் பற்றித்தான். சர்க்கார் நெல் கொள்முதல் கடுமையாக நடந்துகொண்டிருந்த காலம். பகவதியப்பன் என்கிற பார்வத்தியக்காரர், கிராமத்துக்கு வரி வாங்குகிற உத்தியோகஸ்தர், வீடு வீடாக வந்து பத்தாயத்துக்குள் தலையை விட்டு நெல்லை அளந்துகொண்டு போனார். “வெதநெல்லுன்னு ஒண்ணையும் பதுக்காதிய. வெத டிப்போவுல தருவோம்” என்றார். போன வருஷம் டிப்போ விதையை நம்பி விதைத்தவர்கள் வயலில் முளைத்தது பாதி, முளைத்ததிலும் நாலு ஜாதி. ஒரு மூலை கதிர் முற்றும்போது இன்னொரு மூலை பூக்கவே இல்லை. நாகம்மை அதைக் கண்ணால் பார்த்தவள். மாசி மாசத்துக் கும்பப்பூ அறுத்ததும் நல்ல மணியாகப் பொறுக்கி எடுத்த ஒரு கோட்டை நெல்லை, தொழுவத்தின் மேற்குச் சுவருக்கு உட்பக்கமாக ஒரு அடி தள்ளி இன்னொரு சுவர் எழுப்பி, நடுவில் போட்டுச் சாணி மெழுகி மூடிவிட்டாள். கோட்டைக் கல்லுக்கு என்ன பஞ்சம்? பகவதியப்பன் இரண்டு தடவை தொழுவத்துக்குள் வந்து மாட்டைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தாணுமாலயன் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தான். வெள்ளைச் சட்டை, கண்ணாடி, கக்கத்தில் நோட்டுப்புத்தகம். நாகர்கோவிலில் வாத்தியாராம். சுந்தர்சிங் என்று பெயராம்.

“அம்மா, உங்க வீட்டுல கோட்டை இருக்கதா கேள்விப்பட்டு வந்தேன்” என்றார்.

நாகம்மை தொழுவத்தின் பக்கம் நகர்ந்து நின்றாள். “ஆரு சொன்னா?”

“உங்க வீட்டுக்காரர்தான், டீக்கடையில வச்சு. தொழுவத்துல இருக்காமே. ரொம்பப் பழசுன்னாரு.”

“பழசா? போன கும்பப்பூவுல…” என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். புருஷனைப் பார்த்தாள். அவன் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான். “எங்க வீட்டுல ஒரு கோட்டையும் கெடையாது. கஞ்சிக்கு ரேஷன் அரிசி வாங்கிக் கல்லு பொறக்கிட்டிருக்கோம்.”

“மறைக்காண்டாம்மா. ஊருல பாதி வீட்டுல இருக்கு. உங்ககிட்டதான் அதிகம்னு சொல்லுகாங்க. நான் எடுத்துட்டா போகப்போறேன்? அளந்து எழுதிக்கிட்டுப் போயிருவேன், அவ்வளவுதான்.”

“அளக்கவா? மரக்கா கொண்டு வந்திருக்கேளா?”

“மரக்காலா?” வாத்தியார் விழித்தார். சட்டைப்பையிலிருந்து தையல்காரன் வைத்திருக்கிற மாதிரி ஒரு நாடாவை எடுத்துக் காட்டினார். “இதான் கொண்டு வந்தேன்.”

நெல்லை நாடாவால் அளக்கிற கூமுட்டை எந்த உலகத்திலும் இருக்க முடியாது. நாகம்மைக்குச் சங்கதி விளங்கிற்று. “ஓ, அந்தக் கோட்டையா” என்று மூச்சு விட்டாள். விட்ட மூச்சு பாதியிலேயே நின்றது. நாடா. தொழுவத்துக்கு வெளியே ஒரு நீளம், உள்ளே ஒரு நீளம். பகவதியப்பனுக்குப் பிடிபடாதது நாடாவுக்குப் பிடிபட்டுவிடும்.

“தொழுவத்துல என்ன இருக்கு சாரே, சாணியும் உண்ணியும். அசல் கோட்டை அங்க முழுசாக் கெடக்கு. வாருங்க, நானே காட்டுகேன்” என்று முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். இருபத்தாறு வருஷமாகக் கோட்டையைத் திரும்பிப் பார்க்காதவள் வழி காட்டப் போகிறாளே என்று தாணுமாலயன் வாயைப் பிளந்துகொண்டு பின்னால் வந்தான்.

மதிலைக் கண்டதும் வாத்தியார் செருப்பைக் கழற்றிவிட்டார். கோயிலா இது என்று நாகம்மை நினைத்தாள். முள் குத்தட்டும் என்றும் நினைத்தாள். அவர் கல்லைத் தடவிக்கொண்டே சொல்லிக்கொண்டு போனார். மலையடிவாரத்திலிருந்து கடலோரத்து வட்டக்கோட்டை வரைக்கும் இந்த மதில் ஓடியதாம். கிழக்கே இருந்து படை வராமல் தடுக்க மகாராஜா கட்டியதாம். ஒரு டச்சுக்காரன் நின்று மேற்பார்த்தானாம். வெளியே ஒரு வரிசைக் கல், உள்ளே ஒரு வரிசைக் கல், நடுவில் மண் இட்டு நிரப்பியிருக்கிறானாம்.

“கிழக்கேருந்து ஆரு வரப்பிடாதுன்னு?” என்று கேட்டாள் நாகம்மை.

“பாண்டிச் சீமைக்காரங்க.”

“எனக்க சம்பந்தக்காரங்க கிழக்க பணகுடியில இருக்காங்க. மாசம் ரெண்டு தடவை வந்து ஒருவாரம் இருந்து தின்னுட்டுப் போறாங்க. ஒரு மதிலும் தடுக்கல்ல.”

வாத்தியாருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு இடத்தில் ஆள் உயரத்துக்குக் கல் பெயர்க்கப்பட்டு ஓட்டையாக இருந்தது. அதைப் பார்த்ததும் முகம் சுருங்கிற்று. “உங்கள மாதிரி ஆளுவதான். வெக்கமா இல்லியா? சரித்திரத்தைப் பிடுங்கிக் கொண்டுபோய் மாட்டுக்குச் சுவரு வச்சிருக்கிய.”

“மாடு பாலு தருகு சாரே. சரித்திரம் என்ன தருகு?”

“ஏட்டி, சும்மா இரி” என்றான் தாணுமாலயன்.

“சரி, இத்தனை பெரிய மதிலக் கட்டி எத்தனை படையத் தடுத்தாவ? அதையாவது சொல்லுங்க.”

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்தார். அந்தக் கேள்வி அவருக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. நூற்றிநாற்பது வருஷத்துக்கு முன்னே, கொல்லம் 984-இல், வெள்ளைக்காரக் கும்பினிப் பட்டாளம் வந்ததாம். இந்தப் பக்கம் பீரங்கியெல்லாம் பாதையைப் பார்த்து நின்றதாம். கும்பினிக்காரன் பாதையில் வரவில்லை. ராவோடு ராவாக அந்தத் தெற்கு மலையில் முள்ளையும் பாறையையும் பிடித்து ஏறி, விடியும்போது மேலேயிருந்து உள்ளே இறங்கிவிட்டானாம். அன்றைக்கே ஆராம்புளி போயிற்றாம்.

“மலைப்பக்கம் காவலு இல்லியா?”

“அந்த வழியா ஆளு ஏற முடியாதுன்னு நெனச்சிட்டாங்க.”

நாகம்மை மலையை அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பாறையில் அவளே விறகுக்கு ஏறியிருக்கிறாள். “வெறவு பொறக்கப் போற பொம்பளைகிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பா, ஏறலாம்னு. மீசைய முறுக்கிக்கிட்டு வாசல்ல நின்னா ஆச்சா? தூ” என்று பக்கத்துக் கள்ளியில் துப்பினாள்.

அதோடு வாத்தியார் போய்விடுவார் என்று நினைத்தாள். அவர் போகவில்லை. கல்லைத் தின்ற வீட்டையும் பார்த்தே தீரவேண்டும் என்று திரும்பி நடந்தார். என்ன சொல்லித் தடுப்பது? மாடு முட்டும் என்றாள். “பிடிச்சிக்கிடுங்க” என்றார். தொழுவத்தை வெளியே அளந்தார். இருபத்திரண்டு அடி. உள்ளே அளந்தார். பதினெட்டு. வாசல் இருக்கிற கிழக்குச் சுவரின் கனத்தையும் எடுத்து, நோட்டில் எழுதிக் கழித்துப் பார்த்தார். நாகம்மை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதோ கேட்கப்போகிறான்.

“கிழக்குச் சுவரு ஒரு அடி. மேக்குச் சுவரு மூணு அடி கனம்” என்று வாத்தியார் மெல்லச் சொன்னார். அவர் கண் நனைந்திருந்தது. “அம்மா, நான் சொன்னது தப்பு. உங்க மாமனாரு சாதாரண ஆளு இல்ல. வெளிய ஒரு வரிசை, உள்ள ஒரு வரிசை, நடுவுல நிரப்பு. கோட்டை கட்டின அதே முறை. இந்த வித்தை தெரிஞ்ச ஆளு இவ்வளவு காலம் உயிரோட இருந்திருக்கான்.”

அந்த உட்சுவருக்கு வயது இரண்டு மாசம். கட்டியவள் எதிரே நிற்கிறாள். கல்லைக் கண்டவனுக்கு அதற்குப் பின்னால் இருக்கிற நெல்லைக் காண முடியவில்லை. படித்த படிப்பெல்லாம் இதற்குத்தானா என்று நாகம்மைக்கு ஒரு பக்கம் சிரிப்பாகவும் வந்தது. ஆனால் மனுஷன் அதோடு விடவில்லை.

“திங்கக்கிழமை தாசில்தாரைப் பாக்கேன். எனக்குத் தெரிஞ்சவருதான். பார்வத்தியக்காரரை விட்டு ஒரு கல்லைப் பெயர்த்து, நடுவுல என்ன நிரப்பியிருக்குன்னு பாத்திரணும். உங்களுக்கு ஒரு நஷ்டமும் வராது.”

அவர் தலை மறைந்ததும் நாகம்மை மாட்டுத்தொட்டியைக் கவிழ்த்துக் கழுவினாள். கடப்பாரையை எடுத்தாள்.

“என்னட்டி செய்யுக?” என்றான் தாணுமாலயன்.

“வெதைய நனைய வைக்கப்போறேன்.”

“இன்னைக்கா? வெத எறக்குக பத்தாமுதயத்துக்கு நாலுநாளு கெடக்கு. சானல்ல தண்ணி வர இன்னும் மாசத்துக்கு மேல ஆவும். இப்பப் பாவினா நாத்து கெழடு தட்டிப்போவும்.”

“கெழட்டு நாத்தையாவது நடலாம். பகவதியப்பண்ணாச்சி சாக்குல கட்டிக்கிட்டுப் போன நெல்லை நட முடியுமா?” கல்லை நெம்பிக்கொண்டே சொன்னாள். “நான் அந்த ராஜாவைப் பாத்துச் சிரிச்சேன். நானும் அதே கூட்டம்தான். பார்வத்தியக்காரன் வருவான் வருவான்னு வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன். எனக்க வீட்டு ஆம்பளை டீக்கடை வழியா ஆளைக் கொண்டுவந்து விட்டுட்டான்.”

தாணுமாலயன் அவள் இறக்கிய கல்லை வாங்கி அடுக்கினான்.

சுவரைப் பழையபடி அடுக்கிச் சாணி மெழுகிவிட்டு, நெல்லை ஒருநாள் நனைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நீரை வடித்துச் சாக்கில் கட்டி, வைக்கோல் மூடிப் பாரம் வைத்தார்கள். கிணற்றடியில் இருந்த கீரைப்பாத்தியையெல்லாம் கொத்தி, துலாவால் நீர் இறைத்து, இரண்டு பேருமாக மிதித்துச் சேறாக்கினார்கள். தாணுமாலயன் நாலு நாள் டீக்கடைக்குப் போகவில்லை. ராஜ்யங்கள் பிரியாமல் சேராமல் அப்படியே கிடந்தன. புதன்கிழமை சாக்கைப் பிரித்தபோது வெள்ளை வெள்ளையாக முளை நீட்டியிருந்தது. மத்தியானத்துக்குள் பாவி முடித்தார்கள்.

வியாழக்கிழமை காலையில் பகவதியப்பன் இரண்டு கூலியாட்களோடு வந்தார். கையில் தாசில்தார் கடுதாசி. எதற்காகத் தன்னை மாட்டுத்தொழுவத்தைத் தோண்ட அனுப்பினார்கள் என்பது விளங்காத எரிச்சல் முகத்தில் இருந்தது. நாலு கல்லைப் பெயர்த்ததும் உள்ளே பொந்து தெரிந்தது. குனிந்து பார்த்தார். கையை விட்டுத் துழாவினார். வெளியே எடுத்த உள்ளங்கையில் ஏழெட்டு நெல் ஒட்டியிருந்தது. எரிச்சல் போய் முகம் தெளிந்தது.

“இதுக்குள்ள என்ன இருந்து நாகம்மை?”

“கோட்டை.”

“வெளையாடாத. நெல்லு எங்க?”

“வாருங்கண்ணாச்சி காட்டுகேன்” என்று நாகம்மை கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சேற்றுப்பாத்தி வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடந்தது. முளை ஊசி ஊசியாகத் தலை நீட்டியிருந்தது. அவள் கிணற்று மேட்டில் கிடந்த கடவத்தை, பெரிய ஓலைக்கூடையை, எடுத்து அவர் காலடியில் வைத்தாள். “இருபத்தொரு மரக்கா. ஒரு மணி கொறையாது. அள்ளிக்கிடுங்க.”

பகவதியப்பன் பாத்தியைப் பார்த்தார், கடவத்தைப் பார்த்தார். கூலியாள் ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினான்.

“பதுக்கினதுக்கு எழுதணும்னா எழுதலாம்” என்றார்.

“எழுதுங்க. வெதைச்சாள்னும் சேத்து எழுதுங்க.”

அவர் எழுதவில்லை. எழுதினால், இரண்டு தடவை அதே தொழுவத்துக்குள் வந்து மாட்டைப் பார்த்துவிட்டுப் போனதையும் எழுதவேண்டி வரும். தாசில்தாருக்கு, நடுவில் நிரப்பு ஏதும் காணப்படவில்லை என்று ஒரு வரி அனுப்பியதாகப் பிறகு கேள்வி.

தாணுமாலயன் சொன்னதும் பொய்யில்லை. சானலில் தண்ணீர் அவன் சொன்னதற்கும் பன்னிரண்டு நாள் பிந்தி வந்தது. நாற்றில் கால்வாசி பழுத்துப்போனதால் பிடுங்கி மாட்டுக்குப் போட்டார்கள். மீதி நாற்றை நெருக்கம் குறைத்து, குத்துக்கு ஒன்றாக நட்டார்கள். நட்டுக்கொண்டிருக்கும்போது நிலத்துக்காரரின் காரியஸ்தன் குடையோடு வரப்பில் வந்து நின்றான். துண்டு கட்டிக் காத்திருந்த இருவரில் ஒருவனும் பின்னால் நின்றான்.

“என்ன நாகம்மை, நடவு எலும்பும் தோலுமா இருக்கு?” என்றான் காரியஸ்தன்.

நாகம்மை நிமிரவில்லை. “வயலு தரிசு இல்லேல்லா?”

“இல்ல.”

“பொறவு குடைய மடக்கிட்டுத் தள்ளி நில்லுங்க. நெழலு நாத்துமேல விழுகு.”

காரியஸ்தன் ஒரு அடி தள்ளி நின்றான். அவள் அடுத்த குத்தை ஊன்றினாள்.